கேட்கும் பாட்டு ஆளைக் காட்டிக்கொடுக்குமா?

தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் அண்ணனின் கேள்வி இது. மாப்பிள்ளை நன்றாகப் படித்தவர், நல்ல வேலையில் இருப்பவர், இரு குடும்பத்துக்கும் பிடித்துப்போயிற்று. பேச்சுவாக்கில் தமக்குப் பிடித்த இசை ஹெவி மெட்டலும் கானாவும் என்று அவர் சொன்னதிலிருந்து வீட்டுப் பெரியவரான சித்தப்பா மட்டும் தயங்குகிறார். "சாந்தமான சங்கீதம் கேட்கிறவனுக்குத்தான் சாந்தமான குணம் இருக்கும்" என்பது அவர் கட்சி. பாட்டை வைத்துக் குணத்தைச் சொல்லிவிட முடியுமா, அதற்கு ஆய்வு ஆதாரம் ஏதாவது உண்டா என்று அண்ணன் கேட்கிறார்.

ஆதாரம் உண்டு, ஆனால் மிகவும் மெலிந்தது. அந்த மெலிந்த ஆதாரமும் சித்தப்பா அஞ்சுகிற திசையில் இல்லை. ஒருவருடைய இசை ரசனை, அவர் ஏறத்தாழ எந்த ஆண்டில் பிறந்தார், எந்த ஊரில் எந்த மொழியில் வளர்ந்தார், யாரோடு பழகினார், யாரைப்போல ஆக ஆசைப்பட்டார் என்பவற்றையெல்லாம் ஓரளவு நம்பும்படி சொல்லிவிடும். அவர் கோபக்காரரா, நாணயமானவரா, இரக்கம் உள்ளவரா என்று கேட்டால் ஏறக்குறைய வாயே திறக்காது. முதல் வகைச் செய்தியை இரண்டாம் வகைச் செய்தியாக எடுத்துக்கொள்வதால்தான் இந்த நம்பிக்கை இவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பது என் கருத்து.

நம்பிக்கை மிகப் பழையது. பிளேட்டோ தம் 'குடியரசு' நூலில், ஒப்பாரிச் சாயல் கொண்ட லிடியப் பண்களும் மதுக்களிப்புக்குரிய மெல்லிய பண்களும் காவல் வீரர்களைத் தளர்த்திவிடும் என்று விலக்கி, டோரியம், பிரிஜியம் என்ற இரண்டை மட்டும் தம் நகரத்துக்குள் அனுமதித்தார். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் லொரன்சோ என்ற பாத்திரம், தன்னுள்ளே இசை இல்லாதவனும் இனிய ஒலிகளின் இசைவுக்கு இளகாதவனும் துரோகத்துக்கே தகுதியானவன், அவனை நம்பாதே என்கிறது. 1950-களில் ஆளுமை உளவியலின் முன்னோடிகளில் ஒருவரான ரேமண்ட் கேட்டல் இதைச் சோதனைக்கூடத்துக்கே கொண்டுவந்தார். சிறுசிறு இசைத் துணுக்குகளை ஒலிக்கச் செய்து, எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்ற விடைகளைக் கொண்டு, ஆள் தன்னைப் பற்றித் தானே அறியாதவற்றையும் கண்டறியலாம் என்று ஒரு தேர்வை அவர் வடிவமைத்தார். அந்தத் தேர்வு பின்னாளில் வழக்கொழிந்துபோனது. அதற்கு அடியில் இருந்த ஆசை மட்டும் போகவில்லை.

இன்று இத்துறையில் பேசுகிற எல்லோரும் தொடங்குகிற இடம், டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ரென்ட்ஃப்ரோவும் சாமுவேல் காஸ்லிங்கும் செய்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு. 3,500-க்கும் மேற்பட்டவர்களிடம், 14 இசை வகைகளில் ஒவ்வொன்றும் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டு, விடைகள் எப்படிக் கொத்துக்கொத்தாகச் சேர்கின்றன என்று பார்த்தார்கள். நான்கு கொத்துகள் வந்தன. புளூஸ், ஜாஸ், மேற்கத்தியச் செவ்வியல், நாட்டார் பாடல் ஆகியவை ஆழ்ந்து சிந்திக்கும் சிக்கலான இசை என்ற பெயரில் ஒன்றாயின. ராக், ஹெவி மெட்டல் போன்றவை தீவிரமும் கலகமும் கொண்டது என்று இரண்டாவதாயின. பாப், கன்ட்ரி, பக்திப் பாடல், திரையிசை எல்லாம் உற்சாகமும் மரபு மீறாமையும் கொண்டதென மூன்றாவதாயின. ராப், சோல், மின்னணு நடன இசை நான்காவது. இவற்றை உளவியலார் வழக்கமாக அளக்கும் ஐந்து ஆளுமைக் கூறுகளோடு, அதாவது புதியதை ஏற்கும் மனத்திறப்பு, பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனப்பதற்றம் ஆகியவற்றோடு, பொருத்திப் பார்த்தார்கள். முதல் கொத்தை விரும்புகிறவர்களிடம் மனத்திறப்புக் கூடுதலாக இருந்தது. இரண்டாவது கொத்தை, சித்தப்பா அஞ்சுகிற அந்த இரைச்சல் கொத்தை, விரும்புகிறவர்களிடமும் மனத்திறப்பே கூடுதலாக இருந்தது. அவர்கள் எளிதில் பதறுகிறவர்கள் என்றோ பிறரோடு ஒத்துப்போகாதவர்கள் என்றோ காட்டும் அடையாளம் எதையும் ஆய்வாளர்கள் காணவில்லை. அதைத் தங்கள் கட்டுரையில் தனியாகவே குறிப்பிட்டார்கள்.

'ஆய்வு நிரூபித்துவிட்டது' என்று செய்தித்தாள்கள் எழுதுவது இந்த இடத்தில்தான். எவ்வளவு தொடர்பு என்ற கேள்வியைத் தலைப்புச் செய்திகள் கேட்பதில்லை. 2017-இல் தாமஸ் ஷேஃபரும் கிளாவுடியா மெல்ஹார்னும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். ஆளுமைக் கூறுகளுக்கும் இசைப் பிரிவுகளுக்கும் இடையே மொத்தம் 30 ஒட்டுறவுக் கெழுக்கள் (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண்; 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு), அவற்றில் 0.1-ஐத் தாண்டியவை ஆறு மட்டுமே, மற்ற 24-உம் பூஜ்யத்தை ஒட்டியே கிடந்தன. இந்த எண் நடைமுறையில் என்ன சொல்கிறது என்று போட்டுப் பார்க்கலாம். முன்பின் தெரியாத இருவரை நிறுத்தி, ஜாஸை அதிகம் விரும்புகிறவருக்குத்தான் மனத்திறப்பும் அதிகம் என்று நீங்கள் ஊகிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒட்டுறவு 0.1 என்றால் இப்படிப்பட்ட 100 ஊகங்களில் சுமார் 53 சரியாக வரும். இத்துறையில் பெரிய ஒட்டுறவு என்று கருதப்படும் 0.2 இருந்தால் 56 வரும். எதையும் கேட்காமல் காசைச் சுண்டிப் போட்டாலே 50 வந்துவிடும். ஆயிரக்கணக்கானோரின் சராசரியை ஆராய்கிறவருக்கு 56 ஒரு செய்தி. எதிரே காபி டம்ளரோடு உட்கார்ந்திருக்கும் ஒரு மாப்பிள்ளையை எடைபோட அது எதற்கும் உதவாது.

அப்படியிருந்தும் ஊகிப்பதை நாம் விடுவதில்லை. ரென்ட்ஃப்ரோவும் காஸ்லிங்கும் 2006-இல் இன்னோர் ஆய்வை வெளியிட்டார்கள். அறிமுகமில்லாத மாணவர்களை இணைத்து இணையத்தில் ஆறு வாரம் பேசிப் பழக விட்டபோது, ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள அவர்கள் அதிகமாகக் கையிலெடுத்த பேச்சு இசையாகவே இருந்தது. அடுத்த கட்டமாக, சிலருக்கு மிகவும் பிடித்த பத்துப் பாடல்களை மட்டும் வேறு சிலருக்குக் கேட்கக் கொடுத்து, பாடல்களுக்குரியவரின் குணத்தை மதிப்பிடச் சொன்னார்கள். மனத்திறப்பை ஓரளவு நன்றாகவே ஊகித்தார்கள், பொறுப்புணர்வில் கோட்டைவிட்டார்கள். ஆனால் மதிப்பிட்டவர்கள் தங்களுக்குள் ஒத்துப்போனார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு வகை இசைக்கு ஒரு வகை ஆள் என்ற படம் ஒரு சமூகத்தில் எல்லோர் மனத்திலும் ஒன்றுபோலப் பதிந்திருக்கிறது. நாலு பேரைக் கேட்டால் நாலு பேரும் அதையே சொல்வார்கள். நாலு பேர் சொல்வதால் அது உண்மைபோல் ஆகிவிடுகிறது. சித்தப்பாவின் உறுதிக்கு அடிப்படையும் அதுதான்.

தமிழ் கேட்பவரை இந்த ஆய்வுகளுக்குள் கொண்டுவரும்போது இன்னொரு சிக்கல் எழுகிறது. அந்த 14 வகைகளில் திரையிசை ஒரே ஒரு பெட்டி. நம்மவரிடம் என்ன கேட்பீர்கள் என்று கேட்டால் பத்தில் எட்டுப்பேர் 'சினிமாப் பாட்டு' என்பார்கள். அந்தப் பெட்டிக்குள்தான் நம் எல்லாமே இருக்கின்றன. ஒரே படத்தில், ஒரே இசையமைப்பாளர், கர்நாடக ராகத்தில் கட்டிய ஒரு மென்பாடலையும், உறுமியும் தவிலும் அதிரும் ஒரு குத்துப்பாட்டையும், நாற்பது வயலின்கள் சூழ்ந்த ஒரு சோகப் பாட்டையும் தருகிறார். ரசிகர் மூன்றையும் ஒரே நாளில், ஒரே பேருந்துப் பயணத்தில், மாறாத ஈடுபாட்டோடு கேட்கிறார். அவரை எந்தக் கொத்தில் சேர்ப்பது? வகைகளை விட்டுவிட்டு ஒலியின் தன்மையைக் கொண்டு அளக்கும் முறைகளும் பின்னர் வந்தன. 2022-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 50-க்கும் மேற்பட்ட நாடுகளில் 3,50,000-க்கும் அதிகமானோரின் விடைகளைத் திரட்டி, ரசனைக்கும் ஆளுமைக்கும் உள்ள தொடர்பு நாட்டுக்கு நாடு பெரும்பாலும் ஒத்திருக்கிறது என்றது. ஆனால் கேட்கக் கொடுத்தவை மேற்கத்திய இசைத் துணுக்குகள். ஒரு தமிழர் சாக்சபோனை எப்படி ரசிக்கிறார் என்று அதிலிருந்து தெரியலாம். நாகஸ்வரத்தை ரசிப்பவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாது.

ஒலியில் எது இனிமை என்பதேகூடப் பழக்கத்தில் அமைகிறது என்பதற்கு ஒரு நல்ல சான்று பொலிவியாவிலிருந்து கிடைத்தது. அமேசான் காட்டுப் பகுதியில், மேற்கத்திய இசை அதிகம் எட்டாத இடங்களில் வாழும் சிமானே மக்களிடம் ஜோஷ் மெக்டெர்மட்டும் அவர் குழுவினரும் நடத்திய சோதனை 2016-இல் வெளியானது. மேற்கத்தியக் காதுக்கு இயல்பாகவே இனிக்கும் சுரச் சேர்க்கைகளையும், உறுத்தும் சேர்க்கைகளையும் சிமானே மக்கள் ஒரே மாதிரி ரசித்தார்கள். மூச்சிரைப்பைவிடச் சிரிப்பொலியை அவர்களும் நம்மைப் போலவே அதிகம் விரும்பினார்கள் என்பதால், சோதனை புரியாமல் சொன்ன விடை என்றும் தள்ளிவிட முடியாது.

பழக்கம் என்றால் எப்போது பழகியது என்ற கேள்வி வரும். மாரிஸ் ஹோல்புரூக்கும் ராபர்ட் ஷிண்ட்லரும் 1989-இல் காட்டியது, தாங்கள் ஏறத்தாழ 24 வயதில் இருந்தபோது பிரபலமாயிருந்த பாடல்களையே மக்கள் ஆயுளுக்கும் அதிகம் விரும்புகிறார்கள் என்பது. வயதைச் சரியாக இத்தனை என்று வரையறுப்பதில் பின்வந்த ஆய்வுகள் வேறுபட்டாலும், இளமையில் கேட்டது ஒட்டிக்கொள்கிறது என்பதில் வேறுபாடு இல்லை. நம் ஊரில் இதைப் பார்க்க ஆய்வுகூடம் வேண்டாம். இளையராஜா 1976-இல் வந்தார், ஏ. ஆர். ரகுமான் 1992-இல் வந்தார். 'அதற்குப் பிறகு பாட்டா வருகிறது?' என்று ஒருவர் எந்த ஆண்டை வைத்து அலுத்துக்கொள்கிறாரோ, அந்த ஆண்டில் அவருக்கு வயது இருபதுகளில் இருந்திருக்கும். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையை யாழ்ப்பாணத்திலோ இராமநாதபுரத்திலோ கேட்டு வளர்ந்த ஒருவருக்கு ஐம்பது, அறுபதுகளின் பாடல்கள்தான் பாடல்கள். இதைக் குணம் என்று எப்படிச் சொல்வது?

வயதுக்கு அடுத்தது வர்க்கம். நம் நாட்டில் அதோடு சாதியும். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு 1960-களில் திரட்டிய தரவுகளைக் கொண்டு எழுதி 1979-இல் வெளியிட்ட நூலில், ஒருவருடைய வர்க்கத்தை இசை ரசனையைப் போல வேறெதுவும் பிசகாமல் காட்டுவதில்லை என்று வாதிட்டார். அவர் சொன்னதில் இன்னும் கூர்மையான பகுதி, ரசனை என்பது முதன்மையாகப் பிறருடைய ரசனை மீதான அருவருப்பு என்பது. அமெரிக்காவில் பெத்தனி பிரைசன் 1996-இல் அந்த அருவருப்பையே நேரடியாக அளந்தார். படித்தவர்கள் பொதுவாகப் பல வகை இசையையும் சகித்துக்கொள்கிறார்கள்; அப்படி எல்லாவற்றையும் கேட்பேன் என்கிறவர்கள்கூட ஒதுக்கிவைத்தவை ராப், ஹெவி மெட்டல், கன்ட்ரி, கோஸ்பல் என்ற கிறிஸ்தவப் பக்தி இசை ஆகிய நான்கு. எந்த இசைகளின் ரசிகர்களிடம் படிப்பு மிகக் குறைவாக இருந்ததோ அவையே இந்த நான்கும். ஒலியைப் பிடிக்காமல் ஒதுக்கினார்களா, ஆட்களைப் பிடிக்காமல் ஒதுக்கினார்களா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைப்பது கடினம்.

கானாவின் கதையை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வடசென்னையின் உழைக்கும் மக்களிடையே, குறிப்பாகத் தலித் குடியிருப்புகளில், வளர்ந்த பாட்டு அது. இழவு வீட்டில் இரவெல்லாம் விழித்திருந்து இறந்தவரைப் பற்றியும் வாழ்வின் நிலையாமையைப் பற்றியும் பாடும் மரண கானா அதன் முக்கியமான ஒரு கிளை. அப்படி இருந்தும், கானா என்றதும் நம் நடுத்தரக் குடும்பங்களின் மனக்கண்ணில் வருவது ரவுடித்தனமும் குடியும்தான். அந்தப் படத்தை நெடுங்காலமாகக் கொடுத்துவந்ததில் திரைப்படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. சித்தப்பா 'சாந்தமான சங்கீதம்' என்று எதைச் சொல்கிறார் என்று நான் ஊகிக்க வேண்டியதில்லை. சபாவில் ஒலிப்பது சாந்தம், சேரியில் ஒலிப்பது முரட்டுத்தனம் என்ற பிரிவினைக்கும் சுரங்களுக்கும் சம்பந்தம் இல்லை. தவிலின் முழக்கம் கோயிலில் மங்கலமாகக் கேட்கிறது. அதற்குச் சற்றும் குறையாத பறையின் முழக்கம் அதே காதுக்குச் சத்தமாகக் கேட்கிறது.

நம் மாப்பிள்ளையின் விஷயத்தில் ஒரு சுவையான முரண் இருக்கிறது. அமெரிக்காவில் கல்வி குறைந்தவர்களின் இசையாக எண்ணப்பட்ட மெட்டல், சென்னையிலும் பெங்களூருவிலும் பொறியியல் கல்லூரி விடுதிகளின் வழியாக, ஆங்கிலம் தெரிந்த இளைஞர்களின் இசையாகவே வேர்விட்டது. கானா வந்த திசை இதற்கு நேர் எதிர். இரண்டையும் ஒருவர் விரும்புகிறார் என்றால் அவர் இரண்டு உலகங்களிலும் கால் பதித்திருக்கிறார் என்று கொள்ளலாம். ரிச்சர்ட் பீட்டர்சனும் ரோஜர் கெர்னும் 1996-இல், அமெரிக்க மேல்தட்டினரின் ரசனை 1982-க்கும் 1992-க்கும் இடையில் மாறியிருப்பதைக் காட்டி, உயர்ந்தது என்று பெயர்பெற்றதை மட்டும் கேட்ட பழைய பெருமைக்காரருக்குப் பதிலாக எல்லாவற்றையும் கேட்கும் புதிய ரசிகர் வந்துவிட்டார் என்றார்கள். மாப்பிள்ளை அந்த இனமாக இருக்கலாம். அதுவும் சமூக இடத்தைப் பற்றிய செய்திதான். அவர் நல்லவர் என்பதற்கும் அது சான்றாகாது.

நம் பழைய இலக்கணம் இசையை எங்கே வைத்தது என்பதும் இங்கே நினைக்கத் தக்கது. தொல்காப்பியம் அகத்திணையியலில் கருப்பொருள்களை அடுக்கும்போது, தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்துச் சொல்கிறது. உரையாசிரியர்கள் குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, முல்லைக்கு ஏறுகோட் பறை, பாலைக்குத் துடி என்றும், யாழை அந்தந்த நிலத்துக்குரியதாகவும் வகுத்தார்கள். ஒருவன் குறிஞ்சிப் பண்ணைப் பாடினால் அவன் மலைநாட்டைச் சேர்ந்தவன் என்றாகுமே தவிர, இன்ன குணத்தான் என்று ஆகாது. அங்கு விளைகிற தினையைப் போலவே இசையும் நிலத்தின் பொருள். பிளேட்டோவைவிட இந்தப் பார்வை இன்றைய தரவுகளுக்கு நெருக்கமாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

வயதும் நிலமும் வர்க்கமும் போக எஞ்சும் 'என் சொந்த ரசனை'யிலும் பிறர் கை இருக்கிறது. மாத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில் 14,000-க்கும் மேற்பட்டோர் ஓர் இணையதளத்தில், பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்களைக் கேட்டார்கள். ஒரு பிரிவினருக்குப் பிறர் தெரிவு எதுவும் காட்டப்படவில்லை. மற்றவர்கள் எட்டுத் தனித்தனி உலகங்களில் விடப்பட்டு, தங்கள் உலகத்தில் ஒவ்வொரு பாட்டையும் இதுவரை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பதைப் பார்த்தபடி தெரிவு செய்தார்கள். சுயமாகக் கேட்டவர்களிடையே 26-ஆம் இடத்தில் நின்ற ஒரு பாட்டு, ஓர் உலகத்தில் முதலிடத்துக்கு ஏறியது. இன்னோர் உலகத்தில் 40-ஆம் இடத்துக்கு இறங்கியது. ஒரே பாட்டு, ஒரே வகை மனிதர்கள். முதலில் நுழைந்த சிலர் எதை அழுத்தினார்கள் என்பதுதான் வேறு.

இதுவரை ஆளுமை என்ற சொல்லின் கீழ்ப் பேசினேன். குடும்பத்தார் கேட்பது அதைவிட நேரானது: நல்லவனா, கெட்டவனா? இதில் வரலாறு தயவு தாட்சண்யம் இல்லாமல் பேசுகிறது. ஐரோப்பிய யூதர்களை அழிக்கும் நாஜிகளின் திட்டத்தை ஒருங்கிணைத்த 1942 ஜனவரி வான்சே கூட்டத்துக்குத் தலைமை வகித்த ரைன்ஹார்ட் ஹைட்ரிக், ஹாலே நகரில் இசைப்பள்ளி நடத்திய ஓர் இசையமைப்பாளரின் மகன். தாமும் தேர்ந்த வயலின் கலைஞர். ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் பெண்கள் இசைக்குழுவில் செல்லோ வாசித்து உயிர் தப்பிய அனிதா லாஸ்கர்-வால்ஃபிஷ், கைதிகள் மீது கொடிய பரிசோதனைகள் நடத்திய மருத்துவர் மெங்கலே ஒருநாள் வந்து ஷூமானின் 'ட்ராய்மெரை' என்ற மென்மையான துணுக்கை வாசிக்கச் சொல்லிக் கேட்டதைப் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். அந்தத் துணுக்கைவிடச் சாந்தமான சங்கீதம் இருக்க முடியாது. 'கணைகொடிது யாழ்கோடு செவ்விதுஆங் கன்ன வினைபடு பாலால் கொளல்' என்ற குறளை வள்ளுவர் கூடாவொழுக்கத்தில் வைத்தார்: நேராக இருக்கும் அம்பு கொல்லும், வளைந்த யாழ் இன்பம் தரும், ஆகவே செயலைக் கொண்டு ஆளைக் கொள். யாழைக் கேட்கிறவனையும் அவன் செயலைக் கொண்டே கொள்ள வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

எதிர்ப்பக்கத்துத் தவறு இன்னும் கொடியது, ஏனென்றால் அதன் விலையை யாரோ ஒருவர் கொடுக்க வேண்டியிருக்கிறது. 1993 மே மாதம் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், வெஸ்ட் மெம்ஃபிஸ் என்ற ஊரில், எட்டு வயதுச் சிறுவர்கள் மூவர் கொல்லப்பட்டார்கள். ஊர் கொதித்தது, சாத்தான் வழிபாடு என்ற வதந்தி பரவியது. பதின்வயது இளைஞர்கள் மூவர் கைதானார்கள். அவர்களில் மூத்தவரான டேமியன் எக்கல்ஸ் கறுப்பு உடை அணிவார், மெட்டல் கேட்பார், மெட்டாலிகா குழுவின் வரிகளைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். 1994-இல் நடந்த விசாரணையில் இவையெல்லாம் அவருடைய மனநிலைக்குச் சான்றாக நீதிமன்றத்தில் வைக்கப்பட்டன. எக்கல்ஸுக்கு மரண தண்டனை, மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை. 2007-இல் வெளியான மரபணுச் சோதனை முடிவுகளில் அவர்களோடு பொருந்தும் தடயம் எதுவும் இல்லை. 2011 ஆகஸ்டில், தாங்கள் குற்றமற்றவர்கள் என்று கூறிக்கொண்டே அரசுத் தரப்பிடம் தண்டனைக்குப் போதிய சான்று உள்ளதென ஒப்புக்கொள்ளும் ஒரு சட்ட ஏற்பாட்டின் கீழ் மூவரும் வெளியே வந்தார்கள். அதற்குள் 18 ஆண்டுகள் சிறையில் கழிந்திருந்தன.

மெட்டல் கோபத்தை வளர்க்கிறதா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2015-இல் வெளியான ஆய்வில், இவ்வகை இசையின் ரசிகர்கள் 39 பேரிடம் அவர்களை எரிச்சலூட்டிய சம்பவங்களைப் பேச வைத்துக் கோபத்தைக் கிளறிவிட்டு, பாதிப்பேரைத் தங்களுக்குப் பிடித்த மெட்டலைக் கேட்கவும் மீதிப்பேரை மௌனமாக உட்காரவும் விட்டார்கள். இசை கேட்டவர்களின் கோபம் மேலும் ஏறவில்லை. எரிச்சலும் மன இறுக்கமும் மௌனமாக இருந்தவர்களுக்குக் குறைந்தது போலவே அவர்களுக்கும் குறைந்தன. சிறிய ஆய்வுதான், இதை வைத்து மெட்டலை மருந்தாக எழுதிக்கொடுக்க முடியாது. ரசிகருக்கு அந்த ஒலி என்ன செய்கிறது என்பது வெளியிலிருந்து கேட்கிறவருக்குத் தெரிவதில்லை என்பதற்கு அது போதும். சோக இசைக்கும் இதே நிலைதான். முகாரியில் மனம் தோய்ந்து கிடப்பவர் வாழ்க்கையில் சோகமானவர் என்று நினைப்போம். 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, சோக இசையை விரும்பிக் கேட்பது மனத்திறப்போடும் பிறர் துயரை உணரும் இயல்போடும் தொடர்புடையதாகக் கண்டது.

ஆக, எதைக் கேட்கிறார் என்பதைவிட எதற்காக, எப்படிக் கேட்கிறார் என்பதில் சற்றுக் கூடுதலான செய்தி இருக்கிறது. தோமாஸ் சமோரோ-பிரெமுசிக்கும் ஏட்ரியன் ஃபர்ன்ஹாமும் 2007-இல் கேட்டது இதைத்தான். மனப்பதற்றம் கூடியவர்கள் இசையைத் தங்கள் உணர்ச்சியைச் சரிசெய்துகொள்ளப் பயன்படுத்தினார்கள். மனத்திறப்புக் கூடியவர்கள் இசையின் அமைப்பைக் கூர்ந்து ஆராய்ந்து கேட்டார்கள். ஸ்பாட்டிஃபை பயனர்கள் 5,808 பேர் மூன்று மாதங்களில் கேட்ட 1.76 கோடிப் பாடல் ஒலிப்புகளை ஆராய்ந்த அண்மைய ஆய்வில் ஒட்டுறவு 0.26 முதல் 0.37 வரை ஏறியது. முன்னே போட்ட கணக்கின்படி, 0.37 என்றாலும் 100 ஊகங்களில் சுமார் 62 சரி; அதுவும் எந்நேரமும் உடனிருந்து ஒவ்வொரு பாட்டையும் எண்ணும் ஓர் இயந்திரத்துக்கு. ஒரு மாலைச் சந்திப்பில் காதில் விழுந்த இரண்டு வகைப் பெயர்களை வைத்து அந்த அளவைக்கூட நாம் எட்ட மாட்டோம்.

உங்கள் தங்கைக்கு நான் சொல்லக்கூடியது, அவரிடம் பிடித்த பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டச் சொல்லி, அது எப்போது, யார் மூலம் அறிமுகமானது என்று பேச்சுக் கொடுப்பது. வளர்ந்த தெரு, விடுதி நண்பர்கள், அப்பாவின் பழைய டேப் ரெக்கார்டர் என்று ஏதாவது ஒரு கதை வரும். ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ள அந்தக் கதை, வகைப் பெயரைவிட எவ்வளவோ மேல். பிறகு உங்கள் தங்கை தமக்குப் பிடித்ததைப் போட்டுக் காட்டட்டும். அதை அவர் எப்படிக் கேட்கிறார் என்பதையும் தங்கையே பார்த்துக்கொள்வார். கோபம், குடி, பணம் ஆகிய மூன்றைப் பற்றி அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர்களிடமும் கூட வேலை செய்கிறவர்களிடமும் நீங்களும் சித்தப்பாவும் விசாரியுங்கள். அறைத்தோழரிடம் பாட்டைப் பற்றி ஏதாவது கேட்டே ஆக வேண்டுமென்று சித்தப்பா நினைத்தால், மற்றவர்கள் தூங்கிய பிறகு அவர் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்வாரா, ஸ்பீக்கரில் அலறவிடுவாரா என்று கேட்டுக்கொள்ளலாம்.